வெற்றுப் பக்கங்களின் கணக்கு

என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. நீல அட்டை, 200 பக்கம். உடம்பைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுத்த அன்று வாங்கியது. வாங்கிய உற்சாகத்தில், பக்கத்துக்கு ஒரு நாள் என்று கடைசிப் பக்கம் வரை தேதியைப் போட்டு வைத்துவிட்டேன். வரப்போகும் 200 நாளும் ஒன்றுபோலவே இருக்கும் என்று நம்புகிறவன்தான் அப்படிச் செய்வான். அந்த அசட்டுத்தனம் பின்னால் வேறு விதத்தில் கைகொடுத்தது.

முதல் 18 பக்கங்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். காலை எடை, சாப்பிட்டது, ஓடிய தூரம், தூங்கிய நேரம் என்று நான்கு வரிகள். நான்கும் ஒரே மையில், ஒரே சீரான கையெழுத்தில். 19ஆம் பக்கத்தில் ஒன்றுமில்லை. 20இலும் இல்லை. 27 வரை தேதி மட்டும் தலையில் நிற்கிறது. கீழே வெறும் தாள். 28ஆம் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டு, அதன்கீழ் பெரிய எழுத்தில் ‘புதிய தொடக்கம்’ என்று எழுதியிருக்கிறேன்.

அந்த நோட்டில் மொத்தம் ஏழு புதிய தொடக்கங்கள் இருக்கின்றன.

18ஆம் நாள் இரவு நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று மதியம் வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தவறவிட்டிருந்தேன். தவறவிட்டேன் என்பதுகூடச் சரியில்லை. பசித்தது, ‘பரவாயில்லை, நாளைக்கு எடை நன்றாகக் குறைந்திருக்கும்’ என்று உள்ளூர மகிழ்ந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இரவு கொஞ்சம் காய்கறியும் ஒரு முட்டையும். பத்து மணிக்கு நோட்டை எழுதி மூடினேன். பத்தரைக்குத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். விளக்கைப் போடவில்லை.

குளிர்பெட்டியில் யாருடைய பிறந்தநாளுக்கோ வெட்டியதில் மிஞ்சிய கேக் ஒரு டப்பாவில் இருந்தது. ஓரத்தில் உதிர்ந்து கிடந்த தூளை மட்டும் விரலால் ஒற்றி எடுத்தேன். தூள்தானே, கணக்கில் வராது. பிறகு கோணலாக இருந்த ஓரத்தை நேராக்குவதற்காக ஒரு கீற்று. அது நேராகவில்லை, இப்போது மறுபக்கம் கோணிவிட்டது. இன்னொரு கீற்று. இப்படி நேராக்கி நேராக்கியே கேக் முடிந்தது. கதவு அதிக நேரம் திறந்திருக்கிறது என்று குளிர்பெட்டி கத்தத் தொடங்கியது. அதை மூடிவிட்டு அலமாரியைத் திறந்தேன். பிஸ்கட் பாக்கெட்டைச் சத்தம் வராமல் பிரிக்க ஒரு முறை இருக்கிறது: நுனியைக் கிழிக்கக் கூடாது, ஒட்டிய மடிப்பை நகத்தால் மெல்ல நிமிண்டி எழுப்ப வேண்டும். எனக்கு அந்த வித்தை கைவந்திருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். கடைசியாக ஐஸ்கிரீம். ருசி என்பது மூன்றாவது வாயோடு போய்விட்டிருந்தது. அதற்குப் பின் நாக்குக்கு வேலையில்லை. கை எடுத்தது, வாய் மென்றது.

இதில் பெரிதாக ஒன்றுமில்லை என்று இப்போது சொல்வேன். ஓர் இரவு, அவ்வளவுதான். பெரிதானது மறுநாள் காலை.

எடை இயந்திரம் 83.7 காட்டியது. முந்தைய நாள் காலை 81.6. பதினெட்டு நாள் அரும்பாடுபட்டுக் குறைத்தது 2.3 கிலோ, ஒரே இரவில் அதில் 2.1 கிலோ திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு நானே நீதிபதியானேன். தீர்ப்பு உடனே வந்தது: காலை உணவு கிடையாது, வழக்கமான 4 கிலோமீட்டருக்குப் பதில் 12. ஒன்பதாவது கிலோமீட்டரில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் சுருக்கென்றது. ‘வலிக்கட்டும், வேண்டியதுதான்’ என்று ஓடினேன். மதியம் பழச்சாறு மட்டும். மாலை ஆறு மணிக்கு, முதல் நாள் மதியத்திலிருந்து ஒழுங்காக ஒரு வேளைகூடச் சாப்பிடாத ஒருவன் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்குத் தின்றது முந்தைய இரவைவிட அதிகம். அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஓட முடியாதபோது சாப்பாட்டில் மட்டும் கட்டுப்பாடாக இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. ஒன்பது நாள் அப்படியே போயிற்று.

அந்த 2.1 கிலோ என்னவாக இருந்தது என்பதை நான் விசாரித்தது மாதங்கள் கழித்துத்தான். அன்றே விசாரித்திருந்தால் முழங்காலாவது தப்பியிருக்கும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கிலோகலோரி மிகையாக வேண்டும். 2.1 கிலோவும் கொழுப்பென்றால் நான் அன்றிரவு தேவைக்கு மேல் 16,000 கிலோகலோரி தின்றிருக்க வேண்டும். டப்பாக்களிலும் தாள்களிலும் அச்சிட்டிருந்ததைக் கூட்டிப் பார்த்தேன்: சுமார் 1,800. கொழுப்பாக மாறினால் கால் கிலோவுக்கும் குறைவு. மீதி என்ன? தின்ற பண்டத்தின் எடை குடலில் அப்படியே இருந்தது. அதிலிருந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்தது. முக்கியமாக, உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அரைவயிறாகச் சாப்பிட்ட நாள்களில் அந்தச் சேமிப்பு வற்றிக் கிடந்தது. கேக்கும் பிஸ்கட்டும் வந்ததும் நிரம்பிக்கொண்டது. சொல்லப்போனால், முதல் வாரத்தில் மளமளவென்று குறைந்ததாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்ட எடையிலும் பெரும்பங்கு அதே தண்ணீர்தான். போனதும் தண்ணீர், வந்ததும் தண்ணீர். நடுவில் நான் கொண்டாடியதும் அழுததும்தான் மிச்சம்.

ஓட்டத்தின் கணக்கு இன்னும் மோசம். ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். 82 கிலோ ஆள் 1,800 கிலோகலோரியைக் கரைக்க 22 கிலோமீட்டர் ஓட வேண்டும். நான் ஓடியது 12. மாலையில் அதற்கு மேலும் தின்றுவிட்டேன். கடனை அடைக்கக் கிளம்பியவன் வழியில் வட்டிக்கு வாங்கிக்கொண்டு வந்த கதை.

‘கடன்’ என்ற சொல் தெரியாமல் வந்து விழவில்லை. நான் சாப்பாட்டை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தின்றால் கடன், ஓடினால் வரவு. எடை குறைக்க முயலும் பலரின் பேச்சிலும் இதே வாசனை அடிக்கிறது: ‘நேற்று சாப்பிட்டதை இன்று எரிக்க வேண்டும்’, ‘இந்த ஒரு துண்டுக்கு எத்தனை நிமிடம் ஓட வேண்டும் தெரியுமா?’ உடற்பயிற்சி செய்வதே தண்டனை என்றாகிவிட்டால், ஒரு தப்பும் செய்யாத நாளில் அதை எதற்குச் செய்யவேண்டும்? எனக்கு ஓடப் பிடிக்கும். முதலில் பிடித்திருந்தது. கொஞ்ச நாளில், ஓட்டக் காலணியைப் பார்த்தாலே குற்றப்பத்திரிகை வாசிப்பது போல ஆகிவிட்டது.

தமிழில் ஒரு பழமொழி உண்டு: தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. உளவியலாளர்கள் இந்தப் பழமொழியைச் சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு ஐஸ்கிரீம்களை முன்னால் வைத்து, ருசி பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகத் தின்றார்கள். வயிறு நிறைந்திருக்கிறது அல்லவா? உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தவர்கள் நேர்மாறு: மில்க்ஷேக் குடித்தவர்கள்தான் அதிகம் தின்றார்கள். விரதம் முறிந்தாயிற்று, இனி என்ன என்ற நினைப்பு. பின்னால் நடந்த சோதனைகளில் உண்மையான கலோரிகூடத் தேவைப்படவில்லை. கொடுத்த பண்டத்தில் கலோரி அதிகம் என்று அவர்கள் நம்பினாலே போதும், கதவு திறந்துகொண்டது. ஹெர்மனும் ஜேனட் பாலிவியும் இந்தப் போக்குக்கு வைத்த பெயரைத் தமிழில் ‘போனால் போகட்டும் விளைவு’ என்று சொல்லலாம்.

பழமொழியோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. மூழ்குகிறவனுக்குச் சாணும் முழமும் ஒன்றுதான், சரி. ஆனால் இரண்டு பிஸ்கட்டும் இரண்டு பாக்கெட்டும் ஒன்றல்ல. இரண்டு பிஸ்கட்டில் யாரும் மூழ்குவதில்லை. கணுக்கால் நனைகிறது, அவ்வளவுதான். கணுக்கால் நனைந்ததுமே தலைக்கு மேல் போய்விட்டது என்று அறிவித்து, நாமாகவே முங்குகிறோம். கேக்கின் ஓரத்தை நேராக்கிக்கொண்டிருந்த வரை எனக்குப் பயம் இருந்தது. ‘சரி, இன்றைக்குக் கெட்டுவிட்டது’ என்று மனத்துக்குள் ஒரு குரல் கேட்டதும் பெரிய நிம்மதி வந்தது. அலமாரியைத் திறந்தது அந்த நிம்மதிதான்.

மனவுறுதி இல்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்த நாள்களில் இன்னொன்றும் படித்தேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், பட்டினியால் மனித உடலுக்கு என்ன நேர்கிறது என்று அறிவதற்காகத் தங்களைச் சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய சோதனை அது. 1945இல் 24 வாரம் அரைப்பட்டினி. உடல் எடையில் கால்வாசி கரைந்தது. அதைவிட, அவர்கள் மனத்தில் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் இல்லாமல் போயிற்று. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். தட்டை வழித்து நக்கினார்கள். சோதனை முடிந்து தாராளமாகச் சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்கு வயிறு நிறைந்தது தெரியவில்லை; தின்றுகொண்டே இருந்தார்கள். கொள்கைக்காகச் சிறைக்கும் ஏச்சுக்கும் அஞ்சாத மனிதர்கள் அவர்கள். அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

அந்தப் பட்டினிக் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கிலோகலோரி. ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் எனக்கு அச்சிட்டுத் தந்த உணவுத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 1,400. அவர்கள் ஒல்லியாகத் தொடங்கியவர்கள், நான் அப்படியில்லை. ஒப்பீட்டை இழுத்துக்கொண்டே போவது நியாயமாகாது. இருந்தாலும் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மடித்துக் குப்பையில் போட்டேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் நான் ஓடும் பாதையில் நடக்கிறவர். அறுபதை நெருங்கும் வயது. வேகம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் மழையோ பனியோ ஆள் அங்கே இருப்பார். என்னுடைய மூன்றாவது வெற்றிடம் முடிந்து, 14 நாள் கழித்து நான் தலைகாட்டியபோது பிடித்துக்கொண்டார்.

“எங்கே தம்பி, இரண்டு வாரமாக ஆளையே காணோம்?”

“உடம்பு கொஞ்சம் சரியில்லை அக்கா.”

“காய்ச்சலா?”

பொய்யைக் காய்ச்சல் வரை கொண்டுபோக மனம் வரவில்லை. ஒரு விருந்தில் தொடங்கி மூன்று நாள் கண்மண் தெரியாமல் தின்றுவிட்டதையும், அதன்பின் நடக்க வர வெட்கமாக இருந்ததையும் சொன்னேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

“அதிகமாகச் சாப்பிட்டுவிட்டீர்கள், சரி. அதற்கும் நடக்க வராததற்கும் என்ன சம்பந்தம்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

“நானும் போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் சாப்பிட்டேன். திங்கள்கிழமை கொஞ்சம் மெதுவாக நடந்தேன்” என்றார். பிறகு அவருடைய பேத்தியின் பள்ளிக்கூடக் கதைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் அவருடைய உபதேசம். எனக்கு வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது. நான் 14 நாள் சுமந்துகொண்டு திரிந்த ஒன்றை அவர் ஒரு திங்கட்கிழமையில், கொஞ்சம் மெதுவாக நடந்து, முடித்துவிட்டிருக்கிறார்.

‘உன்னை நீயே நேசி’ என்ற வகைப் பேச்சு எனக்கு ஒவ்வாது. ஆனால் இதிலும் ஒரு சோதனை இருக்கிறது. 2007இல் கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் செய்தது. பங்கேற்ற பெண்களுக்கு முதலில் ஒரு டோநட் கொடுத்தார்கள். சிலரிடம் மட்டும், ‘எல்லாரும்தான் இப்படிச் சாப்பிடுகிறோம், இதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்’ என்ற பொருளில் நாலு வார்த்தை சொன்னார்கள். பிறகு மிட்டாய்களை ருசி பார்க்க வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடும் குற்ற உணர்வும் மிகுந்த பெண்களில், அந்த ஆறுதலான வார்த்தையைக் கேட்டவர்கள் குறைவாகத்தான் தின்றார்கள். கண்டிப்பைத் தளர்த்தினால் கட்டவிழ்ந்துவிடும் என்றுதான் நானும் பயந்திருந்தேன். அக்கா எனக்குக் கொடுத்தது அந்த நாலு வார்த்தை. அவர் அதை ஆறுதல் என்று நினைத்துக்கூடச் சொல்லவில்லை.

131ஆம் நாள் ஒரு காரியம் செய்தேன். அதுவரை அந்த நோட்டில் எழுதியிருந்ததைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதாததைப் படித்ததில்லை. தேதி மட்டும் போட்ட வெற்றுப் பக்கங்களை எண்ணினேன்: 9, 4, 14, 6, 11, 3, 5. கூட்டினால் 52. 130 நாளில் 52. பத்துக்கு நான்கு நாள் நான் இந்த முயற்சியிலேயே இல்லை. ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் வாசலில் நிற்பது ஒரே ஓர் இரவு. ஏழு வெற்றிடம், ஏழு இரவு. அந்த ஏழு இரவுகளும் தலைக்கு 1,800 கிலோகலோரி என்றே வைத்துக்கொள்வோம்: 12,600. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். 52 நாள் ஓட்டமும் இல்லாமல், தட்டில் என்ன விழுகிறது என்ற கவனமும் இல்லாமல், நாளுக்கு வெறும் 500 மட்டும் கூடுதலாகப் போயிருந்தாலும் 26,000. மூன்றே கால் கிலோவுக்கு மேல். என்னைத் தோற்கடித்தது கேக் தின்ற இரவுகள் என்று நான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டு வேறு சொல்லிற்று. இரவுகளை நான் வெறுத்த அளவில் பாதியாவது அந்த வெற்றுப் பக்கங்களை வெறுத்திருக்க வேண்டும். அவற்றை நான் பார்த்ததுகூட இல்லை. முன்கூட்டித் தேதி போட்டு வைக்காமல் இருந்திருந்தால் அவை கண்ணில் பட்டே இருக்காது. 18ஆம் நாளுக்கு அடுத்த பக்கத்தில் நேராகப் புதிய தொடக்கம் எழுதி, ஒன்பது நாளை விழுங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து ஒரே ஓர் எண்ணைத்தான் பின்தொடர்கிறேன்: மீறிய இரவுக்கும் அடுத்து எழுதிய பக்கத்துக்கும் நடுவே எத்தனை நாள். ‘எத்தனை நாளாக மீறவில்லை’ என்ற எண்ணை விட்டுவிட்டேன். அது பொல்லாத எண். 30 என்று வளர்ந்துவிட்டால், அதை உடைக்கும் நாளில் 30 நாளும் சேர்ந்து நொறுங்கியதாகத் தோன்றும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடனிருந்தவர்களும் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக ஊன்றிக்கொள்ள எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். அதில் 66 நாள் என்ற எண் மட்டும் உலகமெல்லாம் பரவியது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டதைச் சொல்பவர்கள் குறைவு. எனக்குப் பிடித்தது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் ஊன்றுவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை.

மறுநாள் காலைக்கு இப்போது எனக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. விசேஷமாக ஒன்றுமில்லை, விசேஷமாக ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வழக்கமே. எடை இயந்திரத்தில் மூன்று நாளுக்கு ஏறுவதில்லை; தண்ணீரைக் கொழுப்பென்று வாசித்து அழுவதற்கு எனக்கு நேரமில்லை. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் வழக்கமான நேரத்துக்குக் காலை உணவு. இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. மிகையுண்ணலுக்கான சிகிச்சையில் பேர்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் தொடக்கக் கட்டத்திலேயே வைப்பது இதைத்தான்: நேரத்துக்கு நேரம் உணவு, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். என் நோட்டும் இதற்குச் சாட்சி சொன்னது. ஏழு இரவுகளில் ஐந்துக்கு முந்தைய மதியம் நான் சாப்பிட்டிருக்கவில்லை. அந்த மதியங்களில் எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. இரவு பத்தரை மணிக் கேக் உண்மையில் மதியம் ஒரு மணிக்கே தொடங்கியிருக்கிறது.

நான்காவது வரியான தூக்கத்தையும் சும்மா அழகுக்காக எழுதிவந்தேன். ஏழில் நான்கு இரவுகள் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய நாளுக்கு அடுத்து வந்தவை. 2004இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் 28 சதவீதம் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. ஆக, தூங்காத மறுநாள் அலமாரியைத் திறக்கும் கையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அலமாரியைக் காலி செய்துவிடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். செய்து பார்த்தேன். பதினோரு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இப்போது பிஸ்கட் வீட்டிலேயே இருக்கிறது. ஒரே விதி: விளக்கைப் போட வேண்டும், தட்டில் எடுத்து வைக்க வேண்டும், உட்கார வேண்டும். எத்தனை என்று விதி இல்லை. விளக்கு வெளிச்சத்தில் தட்டில் வைத்த ஆறு பிஸ்கட்டைப் பார்த்துவிட்டு இரண்டைத் திருப்பி வைத்த நாள்களும் உண்டு. ஆறையும் தின்றுவிட்டு இன்னும் நான்கு எடுத்த நாள்களும் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது தவறு. நான் பேசுவது எப்போதாவது அளவு மீறுகிறவர்களின் சங்கடத்தை. வாரம் ஒருமுறையாவது, மாதக்கணக்கில், நிறுத்த முடியாதபடி கட்டுப்பாடு கைநழுவி, ஒளிந்து தின்று, பின் அருவருப்பில் துவண்டுபோகிறீர்கள் என்றால் அது வேறு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டு நூல் 2013இல் அதைத் தனிக் கோளாறாகவே சேர்த்துக்கொண்டது. தின்றதை வாந்தியெடுத்தோ, பட்டினி கிடந்தோ, வெறித்தனமாக ஓடியோ ஈடுகட்டும் பழக்கம் இருந்தாலும் அப்படியே. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, குணம் தெரிகிறது. மருத்துவரிடம் போங்கள். கலோரியைக் கூட்டிக் கழிக்கும் என்னுடையது போன்ற நோட்டு அந்தக் கோளாறு உள்ளவர்களுக்குக் கெடுதலாகக்கூட முடியலாம். பிஸ்கட் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் பிரிக்கத் தெரிந்திருந்த நானும் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

131ஆம் பக்கத்துக்குப் பிறகு 200 வரை நான்கு முறை அளவு மீறியிருக்கிறேன். வெற்றுப் பக்கங்கள் முறையே 2, 0, 1, 0. முதல் 130 நாளில் என் எடை ஏறி இறங்கி முக்கால் கிலோதான் குறைந்திருந்தது. அடுத்த 70 நாளில் மூன்றரைக் கிலோ. இது ஒன்றும் ஊர் மெச்சும் வேகமில்லை. ‘முன் - பின்’ என்று இரண்டு படம் எடுத்துப் போட்டால் எது முன், எது பின் என்று கேட்பார்கள். நான்கு மீறல்களில் இரண்டு அப்பட்டமான பழைய பாணி: நின்றபடி, இருட்டில். அந்த மறுநாள் காலைகளில் ஓடுவது இன்னும் வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடு 4 கிலோமீட்டர் ஓட முடியும் என்பது தெரிந்திருந்தது, அவ்வளவே. அக்கா அந்த நாள்களில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் வழக்கம்போல வந்துவிட்டதால் அவருக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

நீல நோட்டு முடிந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன், பச்சை அட்டை. இந்த முறையும் கடைசிப் பக்கம் வரை தேதி போட்டாயிற்று. முதல் பக்கத்தில் தலைப்பு ஏதுமில்லை. முதல் வரி: எடை பார்க்கவில்லை. இரண்டாவது வரி: நேற்றிரவு பிஸ்கட், பதினொன்று. காலை உணவு எட்டு மணிக்கு. மூன்றாவது வரி: 4 கிலோமீட்டர், கொஞ்சம் மெதுவாக.